மீட்பு வேறு, மீளொப்படைப்பு வேறு

அன்புள்ள நண்பர்களுக்கு,

நாஜிகள் யூதர்களிடமிருந்து பறித்த ஓவியங்களையும் சொத்துகளையும் உரியவர்களிடம் திரும்பச் சேர்ப்பதற்கு 'ரெஸ்டிட்யூஷன்' என்கிறார்கள். நம் குழு தொகுக்கும் கலைச்சொல் பட்டியலில் அதற்கு 'மீட்பு' என்று வைத்து இந்த விவாத இழையை முடித்துவிடலாம் என்கிறது குழுவுக்கு வந்த நேற்றைய மடல். தயவுசெய்து முடிக்க வேண்டாம்.

'மீட்பு' முதலில் நினைவுக்கு வருவது இயல்புதான். சிலைக் கடத்தல் செய்திகள் அந்தச் சொல்லை நமக்குப் பழக்கிவிட்டன. ஸ்ரீபுரந்தான் நடராசர் 2014இல் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பியதை 'சிலை மீட்பு' என்று சொன்னால் ஒரு குறையும் இல்லை. அங்கே கோயிலும் அரசும் பொருளை இழந்த பக்கத்தில் நின்றன. ஐரோப்பாவிலோ பல வழக்குகளில் அரசுதான் பொருளைக் கையில் வைத்திருந்தது.

பிரான்சைப் பாருங்கள். பாரிஸின் ஜூ த போம் அருங்காட்சியகத்தை நாஜிகள் கொள்ளைப்பொருள் கிடங்காக்கினார்கள். அங்கே பணியிலிருந்த ரோஸ் வாலான், தமக்கு ஜெர்மன் மொழி புரியும் என்பதைக் காட்டிக்கொள்ளாமல், எந்தப் பெட்டி எங்கே போகிறது என்று உயிரைப் பணயம் வைத்துக் குறித்துவைத்தார். போருக்குப் பின் ஏறத்தாழ 61,000 பொருள்கள் ஜெர்மனியிலிருந்தும் ஆஸ்திரியாவிலிருந்தும் பிரான்சுக்குத் திரும்பின. இதுதான் மீட்பு. அவற்றில் சுமார் 45,000 பொருள்கள் உரியவர்களைச் சென்றடைந்தன. எஞ்சியவற்றில் பெரும்பகுதியை அரசு விற்றது. ஏறத்தாழ 2,000 படைப்புகள் தேசிய அருங்காட்சியகங்களின் பொறுப்பில் தங்கின. அந்தத் தொகுப்பின் பிரெஞ்சுப் பெயரிலேயே 'மீட்பு' என்ற பொருள் இருக்கிறது. மீட்கப்பட்டும் வீடு சேராத பொருள்கள் அவை. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் இந்த நிலைமையைத் தமிழில் எப்படிச் சொல்வோம்?

வியன்னாவில் கிளிம்ட் வரைந்த அடேலே ப்ளோக்-பாவரின் ஓவியம் இன்னும் தெளிவான சான்று. அடேலே 1925இல் இறந்தார். கணவர் பெர்டினாண்ட் 1938இல் தப்பி ஓடினார்; சொத்து பறிக்கப்பட்டது. யூதப் பெயர் தெரியக்கூடாது என்று ஓவியத்துக்கு 'பொன்னில் ஒரு சீமாட்டி' என்ற பொருளில் வேறு பெயர் சூட்டினார்கள். வரைந்தவரின் புகழ் தேவைப்பட்டது, வரையப்பட்டவரின் பெயர் வேண்டாமாம். போர் முடிந்து பல பத்தாண்டுகள் ஓவியம் ஆஸ்திரிய அரசின் காட்சிக்கூடத்திலேயே இருந்தது. அடேலேவின் அக்கா மகளும் பெர்டினாண்டின் வாரிசுகளில் ஒருவருமான மரியா ஆல்ட்மன், அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனார். 2006இல் நடுவர் குழு அவர் பக்கம் தீர்ப்பளித்தபோது அவருக்குத் தொண்ணூறு வயது நெருங்கியிருந்தது. இதை 'மீட்பு' என்றால் உழைப்பு முழுவதும் அந்த மூதாட்டியின் தலையில் விழுகிறது. கொடுக்க வேண்டியவரின் கடமை சொல்லிலிருந்தே மறைந்துபோகிறது.

மற்றப் பரிந்துரைகளுக்கு வருகிறேன். 'இழப்பீடு' பணத்துக்கு உரியது. இங்கே கேட்பது அந்தப் பொருளையே. போருக்குப் பின் ஜெர்மன் மொழி ஆண்ட சொல்லுக்கு 'மறுபடி நல்லதாக்குதல்' என்று பொருள். கொல்லப்பட்டவர்கள் விஷயத்தில் எதை மறுபடி நல்லதாக்குவது என்று பலர் அதை வெறுத்தார்கள். ஆகவே 'சீர்செய்தல்' வகைச் சொற்களும் வேண்டாம். 'மீளளிப்பு' காதுக்கு இனிமையாக இருக்கிறது. ஆனால் 'அளி' என்றால் அருள். உரிமையைத் தருவதில் அருளுக்கு என்ன வேலை? 'கொடை' இன்னும் மோசம். போருக்குப் பின் ஆஸ்திரியாவில் யூத வங்கியாளர்களான ராத்ஸ்சைல்ட் குடும்பம் தன் ஓவியங்களை நாட்டைவிட்டு எடுத்துச்செல்ல அனுமதி கேட்டபோது, சிலவற்றை அருங்காட்சியகங்களுக்குக் 'கொடை'யாக விட்டுச்செல்ல வேண்டியிருந்தது. 1998இல் வந்த ஆஸ்திரியச் சட்டம் அப்படிப்பட்ட கொடைகளையும் திரும்பத் தர வழிசெய்தது.

நம் நாளிதழ்களில் அடிக்கடி வரும் செய்தி ஒன்று உண்டு: ஆட்டோவில் தவறவிட்ட நகைப்பையை ஓட்டுநர் உரியவரிடம் ஒப்படைத்தார். அந்த 'ஒப்படைத்தார்' என்பதில் அருளும் இல்லை, பெருமையும் இல்லை. பொருள் தன்னுடையது அல்ல என்ற ஒப்புதல் இருக்கிறது. ஆகவே நான் முன்வைப்பது 'மீளொப்படைப்பு'. வினையாக 'மீளொப்படைத்தது' என்றும் வரும்.

நாஜிகள் பறித்ததைக் குறிக்கும் 'கொள்ளை' என்ற பகுதிக்கும் கவனம் தேவை. 'பறிமுதல்' வேண்டாம், சுங்கத்துறை சட்டப்படி செய்வது அது. 'சூறை' என்றால் கும்பல் நினைவுக்கு வரும். நாஜிகளோ பதிவேட்டோடு வந்தார்கள். 1938 ஏப்ரலில் 5,000 ரைஷ்மார்க்குக்கு (அன்றைய ஜெர்மன் நாணயம்) மேல் சொத்துள்ள யூதர்கள் அதைப் பதிவுசெய்ய வேண்டும் என்று ஆணையிட்டு, அந்தப் பட்டியலையே பறிப்புக்கு வழிகாட்டியாக்கினார்கள். எடுத்ததற்கு அவர்கள் சொன்ன பெயர் 'பாதுகாப்பில் வைத்தல்'. நம் புறத்திணை இலக்கணம் வெட்சியை 'ஆ தந்து ஓம்பல்' என்கிறது. பிறர் மாட்டைக் கவர்ந்துவந்து 'ஓம்புவது', அதாவது காப்பது! நேர்ச் சொல்லான 'கொள்ளை'யே இருக்கட்டும். ஆனால் 'போர்க்கால' என்ற அடை பொருந்தாது, பறிப்பு 1939க்கு முன்பே நடந்தது. 'கலை' என்றும் குறுக்க வேண்டாம். பிரான்சு, பெல்ஜியம், நெதர்லாந்தில் ஏறத்தாழ 70,000 வீடுகளிலிருந்து கட்டில், பாத்திரம் உட்பட அனைத்தையும் அள்ளிச் சென்றார்கள். 'நாஜி உடைமைக் கொள்ளை' எல்லாவற்றையும் அடக்கும்.

ஓர் எச்சரிக்கை. யூதர்களின் கடைகளையும் ஆலைகளையும் அற்ப விலைக்கு யூதரல்லாதார் கைக்கு மாற்றியதை நாஜிகள் 'அரிசீருங்' என்றார்கள். பட்டியலில் அதற்கு 'ஆரியமயமாக்கம்' என்று இருக்கிறது. தமிழில் அந்தச் சொல்லுக்கு மொழி, சமயம், சாதி பற்றிய நூறாண்டு விவாதப் பொருள் ஏற்கெனவே உண்டு. படிப்பவர் வேறெங்கோ போய்விடுவார். நாஜிச் சொல்லை மேற்கோள் குறிக்குள் ஒலிபெயர்த்து, 'யூதத் தொழில் பறிப்பு' என்று விளக்கம் தரலாம்.

ஒரு பொருள் யார் யார் கைமாறி வந்தது என்ற வரலாறான 'ப்ராவனன்ஸ்' என்பதற்குப் பட்டியலில் 'பூர்விகம்' என்று இருக்கிறது. அது பிறந்த இடத்தை மட்டுமே சொல்லும். நமக்குத் தேவை, நிலம் வாங்குகிறவர் தாய்ப்பத்திரத்திலிருந்து கைமாறிய ஒவ்வொரு பத்திரமாகப் பார்ப்பாரே, அந்தத் தொடர்ச்சி. 1933க்கும் 1945க்கும் இடையே அதில் விழும் இடைவெளிதான் ஆய்வாளர்கள் முதலில் தேடுவது. 'உடைமைத்தொடர்' என்று வைத்தால் 'உடைமைத்தொடரில் இடைவெளி' என்று இயல்பாக எழுத வரும். இதைவிடச் சிறந்த சொல் யாரிடமாவது இருந்தால் என் சொல்லை விட்டுவிடத் தயார். 'மீளொப்படைப்பு'க்கு மட்டும் மறுப்பு இருப்பவர்கள், 1945க்குப் பிந்தைய பிரான்சைப் பற்றி ஒரு பத்தி எழுதிப் பார்த்துவிட்டு மறுக்க வேண்டுகிறேன்.

அன்புடன்.