ஈபர்ட்டைப் படித்த பிறகு: சேலத்துக்காரர்களின் அனுபவங்கள்

அம்மாப்பேட்டையிலிருந்து:

2004-ல் புதிய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலைக்கு விண்ணப்பம் அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரத்துக்குக் காசு கொடுத்தாயிற்று, வேலை இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது. மிச்ச நேரத்தை வீணாக்க மனம் வராமல் ஜப்பானிய இயக்குநர் குரோசவா பற்றித் தேடினேன். ரோஜர் ஈபர்ட் என்ற அமெரிக்க சினிமா விமர்சகர், குரோசவாவின் ‘இகிரு’ படத்தைப் பற்றி எழுதிய கட்டுரை கிடைத்தது. அந்தப் பெயரை அதற்கு முன் நான் கேட்டதில்லை. சிகாகோ சன்-டைம்ஸ் பத்திரிகையில் 1967 முதல் எழுதுகிறவர், 1975-ல் புலிட்சர் பரிசு வாங்கியவர், சினிமா விமர்சனத்துக்காக அந்தப் பரிசைப் பெற்ற முதல் ஆள் என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது.

அந்தப் படத்தை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பார்ப்பதாக எழுதியிருந்தார். தனக்கு வயது ஏற ஏற, படத்தில் வரும் அரசு அலுவலர் வதனபே பரிதாபமான ஒரு கிழவராகத் தெரிவது குறைந்துகொண்டே வருகிறது, நம் எல்லாரையும் போன்ற ஒருவராகத் தெரிகிறார் என்று சொல்லியிருந்தார். விமர்சனம் என்றால் நடிப்பு அருமை, இசை சுமார், இரண்டாம் பாதியில் தொய்வு என்று மார்க் போடுவது என நினைத்திருந்த எனக்கு, ஒருவர் தன் வயதைப் படத்தோடு சேர்த்து எழுதலாம் என்பதே புதிதாக இருந்தது. பக்கத்துக்கு ஐந்து ரூபாய் கொடுத்து மூன்று பக்கம் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அப்பா ஒரு தாலுகா ஆபீஸில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார். பேப்பரை இரண்டு முறை படித்து முடித்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். அந்த மூன்று பக்கத்தையும் தமிழில் சொல்லிக்கொண்டே அவருக்குப் படித்துக் காட்டினேன். ‘படம் கிடைக்குமா?’ என்றார். கிடைக்க நாலு மாதம் ஆனது. சென்னையிலிருந்த தோழி டிவிடி அனுப்பினாள்.

பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆரம்பத்திலேயே வதனபேயின் முதுகுக்குப் பின்னால் காகிதக் கட்டுகள் மலையாகக் குவிந்திருக்கும். அவர் ஒவ்வொரு தாளாக முத்திரை குத்திக்கொண்டிருப்பார். சாக்கடைத் தண்ணீர் தேங்குகிறது என்று மனு கொடுக்க வரும் பெண்களை ஒவ்வொரு பிரிவாக அலைய விடுவார்கள். அந்த இடத்தில் அப்பா ‘இங்க நிறுத்து கண்ணு’ என்றார். நிறுத்தினேன். கொஞ்ச நேரம் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, விதவை உதவித்தொகைக்காகத் தன்னிடம் ஒன்பது முறை வந்த ஒரு அம்மாவைப் பற்றிச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் வேறு ஒரு தாள் கேட்டாராம். விதிப்படி கேட்டதுதான். ஆனால் ஒன்பதையும் முதல் நாளே சொல்லியிருக்கலாம் என்றார். அந்த அம்மா எப்போதும் மஞ்சள் பையைப் பிடித்துக்கொண்டு ஜன்னலோரமாக நிற்பாராம். அம்மாவுக்குக்கூட இது தெரியாது.

அப்பா அதை வாய்விட்டுச் சொன்னதற்கு அந்த மூன்று பக்கம்தான் காரணம். ‘இந்தப் பெரியவர் நீதான்’ என்று யாராவது அவரிடம் சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பார். ஈபர்ட் ‘நாம் எல்லாரும்’ என்று சொல்லியிருந்தார்.

உங்களுக்கு அவர் எப்படி அறிமுகமானார்? அப்படி ஒரு அனுபவம் இருந்தால் எழுதுங்கள்.

ஏற்காட்டிலிருந்து:

அக்கா எழுதியதற்கு நேர் எதிரான அனுபவம் எனக்கு. நான் அவரோடு சண்டை போட்டுத்தான் பழகினேன்.

நான் இங்கே வண்டி ஓட்டுகிறேன். இருபது கொண்டை ஊசி வளைவையும் ஒரு நாளைக்கு நாலு தடவை ஏறி இறங்கிய நாளெல்லாம் உண்டு. பி.ஏ. ஆங்கில இலக்கியம் படித்தவன், படம் பார்க்கிற பழக்கம் கல்லூரியில் ஒட்டிக்கொண்டது. ஈரானிய இயக்குநர் கியாரோஸ்தமியின் ‘டேஸ்ட் ஆஃப் செர்ரி’ என் உயிர். 1997-ல் கான் திரைப்பட விழாவின் உச்ச விருதான தங்கப்பனையை வாங்கிய படம். ஒரு ஆள் தெஹ்ரான் ஓரத்து மண் மேடுகளில் காரை ஓட்டிக்கொண்டே இருப்பார். தான் செத்த பிறகு மண் தள்ளி மூட ஒரு ஆளைத் தேடுகிறார். படம் அவ்வளவுதான். ஈபர்ட் இதற்கு ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்தார். நாலுக்கு ஒன்று. தாங்க முடியாத சலிப்பு என்று எழுதினார்.

படித்த அன்று எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. ஆனால் அதே விமர்சனத்தில், இந்தப் படத்துக்கு ஆதரவாக ஒருவர் வாதாட முடியும், இதை வாழ்வும் சாவும் பற்றிய ஒரு கதையாக மாற்றிச் சொல்லிப் பாராட்ட முடியும் என்று அவரே ஒத்துக்கொள்கிறார். பார்க்கும்போது எனக்கு அது நடக்கவில்லை என்கிறார். எதிராளியின் வாதத்தையும் சேர்த்தே எழுதிவிட்டுத் தன் தீர்ப்பைச் சொல்கிற ஆளை என்ன செய்ய முடியும்? பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒரு நோட்டில் பதில் எழுதினேன். பதினோரு பக்கம் வந்தது.

அதில் எழுதிய ஒன்றை மட்டும் சொல்கிறேன். படத்தில் வண்டியில் ஏறும் பெரியவர் ஒரு இடத்தில் வேறு பாதையில் திரும்பச் சொல்வார். இது சுற்று வழி, ஆனால் அழகானது என்பார். நானும் சில நாள் சவாரியிடம் கேட்டுவிட்டுக் குப்பனூர் வழியாக இறங்குவேன். நேரம் கூடும், டீசல் கூடும். ஒருமுறை நல்ல மழை விட்ட சாயங்காலம், கோயம்புத்தூரிலிருந்து வந்த வயதான தம்பதி பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். மலை ஏறும்போது முழுக்க வாக்குவாதம். குப்பனூர் வழியாக இறங்கும்போது பாதி தூரத்தில் அந்த அம்மா கண்ணாடியை இறக்கிவிட்டு, ‘ஏனுங்க, இந்த வாசனை நம்ம ஊர்ல இருந்துச்சுல்ல’ என்றார். அவ்வளவுதான் பேச்சு. அடிவாரம் வரைக்கும் யாரும் வாய் திறக்கவில்லை. கார் ஓடுவதைத் தவிர எதுவும் நடக்கவில்லை என்று அந்தப் படத்தைப் பற்றிச் சொல்கிறவர்களிடம் இதைத்தான் சொல்வேன்.

ஈபர்ட் அந்த ஒரு நட்சத்திரத்தைக் கொடுக்காமல் இருந்திருந்தால் எனக்கு அந்தப் படம் ஏன் பிடிக்கும் என்று நானே யோசித்திருக்க மாட்டேன். இப்போதும் அவர் சொன்னது தப்பு என்றுதான் நினைக்கிறேன்.

அஸ்தம்பட்டியிலிருந்து:

நான் கல்லூரி மாணவன். 2013 ஏப்ரல் 4-ல் அவர் இறந்தபோது பள்ளிப் பையன், ஒன்றும் தெரியாது. போனில் படித்துத்தான் எல்லாம்.

எனக்கு ஆச்சரியம் அவருடைய கை எவ்வளவு தூரம் நீண்டது என்பதுதான். 1967-ல் சிகாகோ திரைப்பட விழாவில் இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செஸியின் முதல் படத்தைப் பார்த்துவிட்டுப் பெரிதாகப் பாராட்டி எழுதினார். இரண்டு பேருமே 1942-ல் பிறந்தவர்கள், அப்போது யாருக்கும் இரண்டு பேரையும் தெரியாது. ஜெர்மன் இயக்குநர் வெர்னர் ஹெர்ஸாக் அன்டார்டிகா பற்றி 2007-ல் எடுத்த ஆவணப்படத்தை ஈபர்ட்டுக்குச் சமர்ப்பணம் செய்திருக்கிறார். கடைசிக் காலத்தில் எகிப்து, துருக்கி, கொரியா, மெக்சிகோ, பிலிப்பைன்ஸ், இந்தியா என்று தன் வாசகர்களிலிருந்தே ஆட்களைப் பொறுக்கி எடுத்து எழுத வைத்தார். கவனிக்காமல் விட்ட படங்களுக்காக அவர் நடத்திய விழாவில் 2005-ல் ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்த ‘தால்’ திரையிடப்பட்டது. அப்புறம், ‘அப்பு’ படங்கள் மூன்றையும் பற்றி அவர் எழுதியதைத் தேடிப் படியுங்கள். சத்யஜித் ராய் பெயரை மட்டும் தெரிந்து வைத்திருந்த நான், அதைப் படித்துவிட்டு ஒரே சனி ஞாயிறில் மூன்றையும் பார்த்தேன்.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து:

எல்லாரும் அவர் எழுத்தைப் பற்றிச் சொல்கிறீர்கள். எனக்கு முதலில் வந்தது அவர் முகம்.

மாமாவுக்குக் கொலுசுப் பட்டறை. நாற்பது வருடம் வெற்றிலையும் புகையிலையும் வாயிலேயே. தாடையில் புற்றுநோய் வந்து ஒரு பக்கத்தை எடுத்துவிட்டார்கள். பேச்சு போய்விட்டது. வீட்டுக்கு வந்தவர் மாடி அறையை விட்டு இறங்கவே இல்லை. துண்டை முகத்தில் சுற்றிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். சாப்பாட்டை அத்தை குழாய் வழியாகக் கொடுப்பார்.

ஈபர்ட்டுக்கு 2002-ல் தைராய்டில் புற்றுநோய் கண்டுபிடித்தார்கள். 2006-ல் கீழ்த்தாடை போனது. அதோடு பேச்சு, சாப்பாடு, தண்ணீர் எல்லாம் போனது. 2010-ல் எஸ்கொயர் பத்திரிகையில் தாடை இல்லாத அந்த முகத்தை மறைக்காமல் படம் எடுக்க விட்டார். அந்தப் படத்தைப் போனில் வைத்துக்கொண்டு காட்டலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் காட்டினேன். மாமா போனை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். தலைமாட்டிலிருந்த நோட்டை எடுத்து, ‘இவர் என்ன வேலை?’ என்று எழுதினார்.

‘சினிமா பார்த்து எழுதுவாருங்க மாமா.’

‘இன்னுமா?’

‘முன்னைவிட நிறைய எழுதினாருங்க.’

அது பொய் இல்லை. சாவதற்கு இரண்டு நாள் முன்பு வெளியிட்ட குறிப்பில், முந்தின வருடம் 306 விமர்சனம் எழுதியதாகவும் தன் வாழ்க்கையிலேயே அதிகம் எழுதிய வருடம் அதுதான் என்றும் சொன்னார். இன்னொன்றையும் மாமாவிடம் சொன்னேன். ஒரு வாய் சாப்பிட முடியாத நிலையில், அந்த மனிதர் ரைஸ் குக்கரில் சமைப்பது எப்படி என்று ஒரு புத்தகமே எழுதி 2010-ல் வெளியிட்டார். மாமா அதை நம்பவில்லை. அட்டைப் படத்தைக் காட்டிய பிறகுதான் நம்பினார். சாப்பிட முடியாததைப் பற்றி ஈபர்ட் எழுதிய ஒரு கட்டுரையையும் சொல்லிக் காட்டினேன். உணவைவிட, எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து பேசிக்கொண்டே சாப்பிடுவதைத்தான் தான் இழந்ததாக அதில் சொல்லியிருப்பார். அதற்கு மாமா எதுவும் எழுதவில்லை.

அடுத்த வாரம் ராத்திரி அத்தை இலை போடும்போது மாமா கீழே இறங்கி வந்து, எங்களோடு தரையில் உட்கார்ந்தார். முன்னால் இலை இல்லை. நோட்டு இருந்தது. நான் ரசம் கேட்டபோது ‘உப்பு கம்மியா?’ என்று எழுதிக் காட்டினார். பட்டறைக்குத் திரும்பப் போக இன்னும் எட்டு மாதம் ஆனது. அது வேறு கதை.

கன்னங்குறிச்சியிலிருந்து:

அம்மாப்பேட்டைத் தோழியின் அப்பா ‘இங்க நிறுத்து கண்ணு’ என்று சொன்னதைப் படித்ததும் எழுதியே தீர வேண்டும் என்று தோன்றியது. ஏனென்றால் அது ஈபர்ட்டின் வழிமுறை. அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தில் வருடா வருடம் ஒரு படத்தை எடுத்துக்கொள்வார். முதல் நாள் முழுசாகப் போடுவார். அடுத்த நாட்களில் அதே படத்தை மறுபடி ஓட்டுவார். அரங்கத்தில் இருக்கும் யார் வேண்டுமானாலும் ‘நிறுத்து’ என்று கத்தலாம். உடனே நிறுத்திவிட்டுத் திரையில் நிற்கும் அந்தக் காட்சியைப் பற்றிப் பேசுவார்கள். பேராசிரியர், மாணவர், வேடிக்கை பார்க்க வந்தவர் என்று பேதமே கிடையாது. முப்பது வருடத்துக்கு மேல் இதைச் செய்தார்.

சில சின்னக் கணக்குகளும் வைத்திருந்தார். திரையில் வலப்பக்கம் நோக்கி நகர்வது சாதகமாகத் தோன்றும், இடப்பக்கம் நகர்வது அவ்வளவு நல்லதாகத் தோன்றாது. மேலே இருப்பவர் கீழே இருப்பவரை அடக்குவது போலிருக்கும். இவை போக்குகள்தான், சட்டமில்லை என்றும் சேர்த்தே சொல்வார்.

போன தை மாதம் இதை எங்கள் வீட்டில் செய்து பார்த்தோம். எங்கள் வீட்டிலிருந்து ஏற்காடு ரோட்டுக்கு வந்தால் மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோவின் வளைவு தெரியும், இன்றைக்கு மிச்சமிருப்பது அதுதான். தாத்தா அங்கே செட் போடுகிற ஆசாரியாக இருந்தவர். அதனால் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரித்த ‘மந்திரி குமாரி’யை எடுத்துக்கொண்டோம். 1950-ல் வந்தது, கலைஞர் வசனம், இயக்கியதில் ஒருவர் தமிழே தெரியாத அமெரிக்கர் எல்லிஸ் ஆர். டங்கன். பாட்டி, அண்ணன், அண்ணி, பக்கத்து வீட்டு வாத்தியார், நான். ரிமோட் அண்ணியிடம்.

‘வாராய் நீ வாராய்’ பாட்டு எல்லாருக்கும் மனப்பாடம். வில்லன் பார்த்திபன் மனைவியை மலை உச்சிக்குக் கூட்டிப் போகிறான், தள்ளிவிட. அவள் கடைசி ஆசையாக அவனை மூன்று முறை சுற்றி வரக் கேட்கிறாள். அங்கே வாத்தியார் ‘நிறுத்தும்மா’ என்றார். ‘பாட்டு பூரா அவன் கூப்பிடறான், இவ வர்றா. இப்ப பாருங்க. அவன் நிக்கறான், இவ நடக்கறா.’ எத்தனை தடவை பார்த்த பாட்டு! அவள் அவனைத் தள்ளிவிடுவதற்கு முன்பே ஆட்டம் கைமாறிவிட்டது என்று யாருக்குமே தோன்றியதில்லை. அண்ணி மூன்று முறை பின்னால் ஓட்டிப் பார்த்தார்.

அதுவரைக்கும் பேசாமல் இருந்த பாட்டி, அரண்மனைக் காட்சி ஒன்றில் திடீரென்று ‘நிறுத்துடி’ என்றார். எழுந்து டிவி பக்கத்தில் போய், ஓரத்தில் இருந்த ஒரு தூணை விரலால் தொட்டார்.

‘இதெல்லாம் பலகையும் சாக்கும். மேல பிளாஸ்டர் பூசிக் கல்லு மாதிரி வரைஞ்சது. உங்க தாத்தா சொல்லுவாரு. இந்தத் தூணு பக்கமே போகாதீங்கன்னு நடிக்கறவங்ககிட்ட சொல்லி வச்சிருந்தாங்களாம். காயலையாம்.’

அந்தக் காட்சியை மறுபடி ஓட்டினோம். யாரும் அந்தத் தூண் பக்கம் போகவில்லை. எம்.ஜி.ஆர். நிற்கிறாரா, நம்பியார் நிற்கிறாரா என்று பார்க்காமல் நாங்கள் ஐந்து பேரும் தூணையே பார்த்துக்கொண்டிருந்தோம். அன்று ராத்திரி பதினொன்றரை வரைக்கும் உட்கார்ந்தும் படம் பாதிதான் முடிந்தது.

அம்மாப்பேட்டையிலிருந்து:

கன்னங்குறிச்சிக்காரர் எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவருக்கு இப்போது எழுபத்தெட்டு. ‘அந்த ஜப்பான் படத்த மறுபடி போடலாமா?’ என்று கேட்டார். டிவிடி இன்னும் இருக்கிறது, பிளேயர்தான் ரிப்பேர். ஞாயிற்றுக்கிழமைக்குள் சரிசெய்து தருவதாகக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். இந்தத் தடவை ரிமோட் அப்பாவிடம்.