சீடர் ராப்பிட்ஸில் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். கணவருக்கு அயோவா மாநிலம் சீடர் ராப்பிட்ஸில் வேலை கிடைத்திருக்கிறது. ஜனவரியில் குடிபோகிறோம். டி மாய்னுக்கு அடுத்து மாநிலத்தின் இரண்டாவது பெரிய நகரமாம். ஆனாலும் 2020 கணக்கெடுப்பில் சுமார் 1,37,000 பேர்தான். ஆற்றோரம் பிரம்மாண்டமான குவேக்கர் ஓட்ஸ் ஆலை இருப்பதால் சில நாள் ஊரே தானிய வாசனை அடிக்கும் என்கிறார்கள். அது பரவாயில்லை, சகித்துக்கொள்ளலாம்.

என் பயம் வெள்ளம்தான். 2008 ஜூனில் சீடர் ஆறு 31 அடியைத் தாண்டியபோது நகர் மையமே தண்ணீரில் நின்றது. ஆற்றுத் தீவில் இருந்த சிட்டி ஹாலும் தப்பவில்லை. 2020 ஆகஸ்ட் 10 அன்று டெரேச்சோ என்ற சூறைக்காற்று வேறு வந்து ஊர் மரங்களில் பாதிக்கு மேல் காலி செய்துவிட்டது.

செக் குடியேறிகளின் பழைய கடைத்தெருவான செக் வில்லேஜ் பக்கம் படத்தில் பார்க்க ஆசையாக இருக்கிறது. ஆனால் அதுவும் 2008இல் மூழ்கிய இடம். அங்கே வாடகைக்குப் போகலாமா, இல்லை மேட்டுப்பக்கம் பார்ப்பதா? வாடகைக்காரர் காப்பீட்டில் வெள்ளச் சேதம் வராது என்கிறார்களே, தனியாக எடுத்தீர்களா? அப்புறம், கறிவேப்பிலை உள்ளூரிலேயே கிடைக்குமா, அயோவா சிட்டி வரை போகணுமா?