ஆகஸ்ட் 31: உங்களுக்கு எந்த வருஷம் ஞாபகம் வருது?

செந்தூல் அக்கா:
எனக்கு 1997. நாற்பதாவது மெர்டேக்கா, அதான் நம்ம மலேசியச் சுதந்திர தினம், ஞாயிற்றுக்கிழமை வேற. கோலாலம்பூர் டத்தாரான் மெர்டேக்கா சதுக்கத்துல அணிவகுப்பு பார்த்துட்டு மஸ்ஜித் இந்தியா பக்கம் ஒரு மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) ஒதுங்கினோம். எல்ஆர்டி ரயில் வந்து ஒரு வருஷம்கூட ஆகலை, ஸ்டேஷன்ல கால் வைக்க இடமில்லை. காலையிலேயே காதுல விழுந்துச்சு, டயானாவுக்கு பாரிஸ்ல கார் விபத்தாம், கை உடைஞ்சிருக்காம்னு. மத்தியானம் டிவியில் இறந்துட்டாங்கன்னே சொல்லிட்டான். தே தாரிக், அதான் இழுத்து ஆத்துற டீ, ஆத்திக்கிட்டிருந்த பாய் ரெண்டு குவளையையும் பிடிச்சபடி டிவியையே பார்த்தார். எங்க சின்னம்மா கையில் இன்னும் காகிதக் கொடி. "ரெண்டும் ஆம்பளப் பிள்ளைங்களாச்சே, யார் பார்ப்பா"ன்னு அழுகை. ஏதோ நம்ம கம்பத்துல, கிராமத்துல, பக்கத்து வீடு மாதிரி! உயிர் போனது அங்கே விடிகாலை 4 மணி. நமக்குக் காலை 10. நாங்க கொடி ஆட்டிக்கிட்டிருந்த நேரம்.

கிள்ளான் பெருசு:
அப்பா சொன்னது. 1957, ஆகஸ்ட் 30 ராத்திரி, சிலாங்கூர் கிளப் பாடாங், இப்போ டத்தாரான்னு சொல்ற அதே திடல். 11.58க்கு விளக்கையெல்லாம் அணைச்சிட்டாங்க. ரெண்டு நிமிஷம் கும்மிருட்டு, யாரோ அவர் காலை நல்லா மிதிச்சிட்டாராம். "சுதந்திரம் வந்தப்ப நான் செருப்பைத் தேடிக்கிட்டிருந்தேன்"னு கடைசிவரை சொல்வார். பன்னிரண்டுக்கு விளக்கு எரிஞ்சுது, பிரிட்டிஷ் கொடி யூனியன் ஜாக் இறங்குச்சு.

இன்னொண்ணு. முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் கையைத் தூக்கி ஏழு தடவை "மெர்டேக்கா" சொல்ற அந்தப் படத்தைப் போட்டு வருஷா வருஷம் "டத்தாரான்"னு எழுதுறாங்க. அது மறுநாள் காலை, மெர்டேக்கா ஸ்டேடியம். மழையால நிகழ்ச்சியே தாமதமாத்தான் ஆரம்பிச்சுது. தயவுசெஞ்சு மாத்திப் போடுங்க லா.

பத்துமலை பையன்:
பெருசுங்க கோவிச்சுக்காதீங்க, எங்க செட்டுக்கு ஆகஸ்ட் 31 இசையமைப்பாளர் யுவன் பொறந்தநாள். 1979. லீவு நாள், பக்கத்து வீட்டுல நம்ம தேசியக் கொடி ஜாலூர் கெமிலாங் பறக்கும், எங்க வீட்டுல ஸ்பீக்கர் அலறும்.

கிள்ளான் பெருசு:
ஸ்பீக்கரைக் குறைச்சு வை தம்பி. ஆமா அக்கா, அந்த மாமாக் கடை பழைய ஜவுளிக்கடை வரிசையிலயா?

செந்தூல் அக்கா:
அதேதான் அண்ணே. இப்போ அங்கே கைப்பேசிக் கடை. சின்னம்மா பில் கட்டாமலே எழுந்து வந்துட்டாங்க, நான்தான் திரும்ப ஓடிப்போய்க் கொடுத்தேன்.