"கொப்பரிட்டைச் சொல்லு": புருசன் பெண்சாதி சண்டையில் சிரித்த கதைகள்

வட்டக்கச்சியிலிருந்து:

புருசன் பெண்சாதி சண்டையைப் பற்றி வாய் திறந்தால் உடனே யாராவது அறிவுரை சொல்ல வந்துவிடுகிறார்கள். இங்கே அறிவுரை வேண்டாம். நீங்கள் பார்த்த, கேட்ட, வேலியோரம் நின்று ஒட்டுக்கேட்ட சண்டைகளில் சிரிப்பு வந்தவற்றை மட்டும் சொல்லுங்கள். நான் தொடங்குகிறேன்.

அப்பா இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்பவர். அவருக்கும் அம்மாவுக்கும் தீராத வழக்கு, குளத்தின் ஆழம். அம்மா 34 அடி என்பார். அப்பா 36 அடி என்பார். இரண்டும் சரிதான். முன்பு 34 அடிவரை தண்ணீர் கட்டினார்கள். அணையைத் திருத்தி 36 ஆக்கி, 2018 மார்கழியில் வான்கதவுகளைத் திறந்தார்கள். அதே மாதம் வெள்ளமும் வந்தது. அம்மா அந்த வெள்ளத்தை இன்றைக்கும் சாட்சிக்கு இழுப்பார்.

"34லயே விட்டிருந்தா என்ர கோழிக்கூடு போயிருக்குமே?"

அப்பாவுக்குத் தானே மண் சுமந்து அந்த இரண்டு அடியைக் கட்டியது போல ரோசம் வரும். "கோழிக்கூட்டைப் பள்ளத்தில வைக்கச் சொன்னது ஆர்?"

"நீங்கள்தான்."

இந்த இடத்தில் மௌனம் தொடங்கும். மௌனம் என்றால் கதைப்பது நின்றுவிட்டது என்று நினைக்கக்கூடாது. கதை என் வழியாகப் போகும், அவ்வளவுதான்.

"தம்பி, சோறு போட்டிருக்கு எண்டு கொப்பரிட்டைச் சொல்லு."

அப்பா குசினி வாசலில்தான் நிற்பார். "பசிக்கேல்லை எண்டு கொம்மாட்டைச் சொல்லு."

"பசிக்காட்டி ஏன் கை கழுவினவர் எண்டு கேள்."

கொஞ்சம் வளர்ந்ததும் நான் செய்தியில் கைவைக்கத் தொடங்கினேன். ஒருநாள் "அப்பா சொறி சொல்லுறார்" என்று என் பாட்டில் சேர்த்துச் சொன்னேன். அம்மா அரிவாளிலிருந்து தலையைத் தூக்காமலே, "பொய் சொல்லாதை. அந்தச் சொல்லே கொப்பருக்குத் தெரியாது" என்றார்.

இப்போது நான் வவுனியாவில் படிக்கிறேன். தூது வேலை மட்டும் போகவில்லை. போனமாதம் ஒரு இரவு அம்மா ஃபோன் எடுத்தார். "படலை பூட்டேல்லை எண்டு கொப்பருக்குச் சொல்லு." நான் அப்பாவுக்கு எடுத்தேன். "பூட்டியாச்சு எண்டு சொல்லு" என்றார். அப்பாவின் ஃபோனுக்குப் பின்னாலிருந்தே அம்மாவின் குரல் கேட்டது: "பச்சைப் பொய்! இப்பதான் பார்த்திட்டு வாறன்." இரண்டு பேரும் ஒரே விறாந்தையில் இருக்கிறார்கள். ரீலோட் காசு என்னுடையது.

மாங்குளத்திலிருந்து:

தம்பி, உங்கள் வீட்டில் கதையாவது கேட்கிறது. நானும் மனுசியும் மோட்டசைக்கிளில் ஏ9 வீதி வழியாகக் கிளிநொச்சிக்குப் போகும்போதுதான் எங்கள் சண்டை நடக்கும். இரண்டு ஹெல்மெட், எதிர்க்காற்று, பக்கத்தில் லொறி. அவள் முழுக் கதையையும் என் முதுகுக்குச் சொல்லுவாள். எனக்குக் கேட்பது "உங்கட அக்கா..." என்பது மட்டும்தான். மிச்சத்தை லொறி விழுங்கிவிடும். நான் "ஓம் ஓம்" என்பேன். அதற்கும் கோபம். "என்னத்துக்கு ஓம்?"

முறிகண்டி வந்தால் சண்டைக்கு ஒரு இடைவேளை. பிள்ளையாரைக் கும்பிடாமல் அந்த இடத்தைத் தாண்டுகிறவர்கள் குறைவு. கொழும்பு பஸ்சும் நிற்கும், யாழ்ப்பாணம் பஸ்சும் நிற்கும். அன்றைக்கு அவள் ஒரு பக்கம் கற்பூரம் கொளுத்தினாள், நான் இன்னொரு பக்கம் தேங்காய் உடைத்தேன். கும்பிட்டுவிட்டுக் கச்சான் வாங்கப் போனோம்.

"எத்தினை சரை?" என்று கச்சான் விற்கிற அம்மா கேட்டார்.

நான் "ஒண்டு" என்றேன். அவள் "ரெண்டு" என்றாள்.

அவர் எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சமாதானக்காரர் ஒண்டு வாங்குவினம், கோவக்காரர் ரெண்டு. விடியத் தொடக்கம் ரெண்டுதான் கூடப் போகுது. எனக்கு லாபம்" என்றார்.

மனுசிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சண்டையும் அதோடு போயிற்று. ஆனால் வண்டி ஓட்டுகிறவனுக்குக் கச்சான் தின்னக் கை ஏது? கிளிநொச்சியில் இறங்கிப் பார்க்கிறேன், இரண்டு சரையும் முடிந்திருக்கிறது, கோது முழுவதும் என் சேட்டுப் பையில்.

முள்ளியவளையிலிருந்து:

சின்னக் கதை. வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்கு முன்பு முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தமெடுத்து, இங்கே காட்டா விநாயகர் கோயிலில் வைத்து அந்த உப்புத் தண்ணீரில் விளக்கெரிப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். எங்கள் மாமா அதை வெளியூர் ஆட்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அன்று கரண்ட் இல்லை. பக்கத்தில் லாம்புத் திரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த மாமி சொன்னார்: "அம்மாளுக்குக் கடல் தண்ணியில எரியுது. இந்த மனுசன் திருத்தின லாம்பு மண்ணெண்ணெய் விட்டும் எரியேல்லை."

புதுக்குடியிருப்பிலிருந்து:

ஒன்றைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். குடித்துவிட்டு வந்து கைநீட்டுவதையும் "அது புருசன் பெண்சாதி விசயம்" என்று சிரித்துக் கடக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதை இந்தக் கதைகளோடு சேர்க்காதீர்கள். அதற்குப் பெண்கள் உதவி இலக்கம் 1938 இருக்கிறது. சரி, இனி என் கதை.

2009 போருக்குப் பிறகு, சண்டை பிடிக்க ஆளில்லாத வீடுகள் எங்கள் பக்கம் நிறைய. அம்மம்மாவின் வீடும் அப்படித்தான், ஆனால் அவர் சண்டையை நிறுத்தவில்லை. தாத்தாவின் படம் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது. அதில் அவர் கோடு போட்ட சேட்டு. அம்மம்மாவுக்கு அந்தச் சேட்டைக் கண்ணிலும் காட்டக்கூடாது. காலையில் பூ வைக்கும்போதே தொடங்கிவிடுவார்.

"படமெடுக்கப் போகேக்க வெள்ளைச் சேட்டைப் போடுங்கோ எண்டு சொன்னனான். கேட்டியளே? இப்ப பாருங்கோ, காலம் முழுக்க உந்தக் கோடன் சேட்டோட."

நாங்கள் சிரித்தால் அவரும் சேர்ந்து சிரிப்பார். "முந்தி வாய் குடுத்துத் தோற்கிறவர். இப்ப வாயே திறக்காமல் வெல்லுறார்" என்று ஒரு முறைப்பாடு வேறு.

துணுக்காயிலிருந்து:

காலபோக நெல் முற்றுகிற நேரம் பன்றிக்கும் யானைக்கும் பயந்து ஆம்பிளைகள் காவல் கொட்டிலில் படுப்பது வழக்கம். எங்கள் பக்கத்து வயல் அண்ணைக்கு மட்டும் காவல் என்றால் தனிச் சந்தோசம். வீட்டில் சத்தம் எழும்பினால் போதும், டோர்ச்சைத் தூக்கிக்கொண்டு "பண்டி இறங்கீட்டுதாம்" என்று கிளம்பிவிடுவார். மத்தியானம் 12 மணிக்கும் அவருக்குப் பன்றி இறங்கும்.

ஒரு இரவு, கோபத்தில் சாப்பிடாமலே வந்துவிட்டார். மனம் கேட்காமல் அவரின் மனுசி, அந்த அக்கா, புட்டும் மீன்குழம்பும் கட்டிக்கொண்டு வரம்பால் இருட்டில் வந்திருக்கிறார். தூரத்துக் கொட்டிலில் இருந்த பெடியன் ஒருவன் நெல் அசைவதைக் கண்டு "ஆனை! ஆனை!" என்று கத்தி வெடியையும் கொளுத்திப் போட்டுவிட்டான். வெடிச்சத்தம் அடங்கியதும் இருட்டுக்குள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது.

"ஆரடா ஆனை?"

வயல்வெளி முழுவதும் ஒரு சத்தமில்லை. தவளைகூடக் கத்தவில்லை. கொஞ்சம் பொறுத்து அண்ணையின் கொட்டிலிலிருந்து மெல்லிய குரல்: "நான் சொல்லேல்லையப்பா."

அறுவடை முடிந்த பிறகும் அவர் காவலுக்குப் போனார். எங்கே போகிறார் என்று கேட்டவர்களுக்கு அக்காவின் பதில்: "வைக்கலைக் காக்கப் போறாராம்."

ஒட்டுசுட்டானிலிருந்து:

எங்களுக்குப் புதுக் கலியாணம். சண்டைக்கு இன்னும் பழுத்த பொருள் சேரவில்லை. இருப்பது மீன் ஒன்றுதான். மனுசி பருத்தித்துறை. கடல் மீனைத் தவிர மற்றது மீனில்லை என்பது அவவின் கட்சி. நான் முத்தையன்கட்டுக் குளத்து விரால் தின்று வளர்ந்தவன். குளத்து யப்பான் மீன் வாங்கி வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "சேத்து மணம். உதை வளவுக்கு வெளியால வையுங்கோ" என்பா. நான், "உங்கட ஊர் மீனில உப்பு மணம் இல்லையோ?" என்பேன். "கடல் எண்டா உப்பு இருக்கும்தானே?" "குளம் எண்டா சேறு இருக்கும்தானே?" இப்படியே கறி ஆறிப்போகும்.

போன கிழமை மாமி வந்து நின்றா. மகளுக்கு ஆதரவாகப் பெரிய படை வந்திருக்கிறது என்று நான் ஒன்றும் கதைக்காமல் விரால் வாங்கி, மாங்காய் போட்டு நானே குழம்பு வைத்தேன். மாமி முதலில் பிசைந்து பார்த்தா. அப்புறம் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டா. இரண்டாந்தரம் சோறு போட்டா. சட்டியைச் சரித்து நடுத்துண்டையும் எடுத்தா.

மனுசிக்குப் பொறுக்கவில்லை. "அம்மா, நீங்கள் ஆரின்ர பக்கம்?"

மாமி முள்ளைக் கவனமாக எடுத்து ஓரத்தில் வைத்துவிட்டுச் சொன்னா: "நான் சட்டியின்ர பக்கம்."