ரோம்ல ஜெயிச்ச தளபதி எதுக்கு ஊருக்கு வெளிய கெடக்கணும்?

தக்கலைக்காரன்:
மக்களே ஒரு சந்தேகம். ரோம்ல போர்ல ஜெயிச்சா பெரிய ஊர்வலம் எடுப்பாவல்லா, நாலு குதிர பூட்டுன தேரு, முன்னால கொள்ளையடிச்ச சாமான், சங்கிலி போட்ட ராஜா எல்லாம். ஆனா ஜெயிச்சவரு உள்ள வர முடியாம வெளியவே கெடப்பாராம், லுக்குல்லஸ்னு ஒருத்தர் கி.மு. 66ல திரும்பி வந்து 63லதான் ஊர்வலம் எடுத்தாராம். நாடு பிடிச்சு குடுத்தவனுக்கு இது என்ன மரியாத?

வேளிமலை:
படை கையில உள்ளவன் மேல உள்ள பயம்தான் மக்கா, வேற ஒண்ணும் இல்ல. பொமேரியம்னு நகரத்துக்கு ஒரு புனித எல்லை உண்டு, அத தாண்டி உள்ள கால் வச்சா தளபதிக்க படை அதிகாரம் போயிரும், அது போனா ஊர்வலமும் போச்சு. ஊர்வலத்துக்கு செனட்டுங்கிற ஆட்சி சபை சம்மதிக்கணும், அங்க நமக்கு ஆகாதவன் நாலு பேரு இருந்தா இழுத்தடிச்சிருவான்.

சீசருக்க கதைய கேளு. கி.மு. 60ல ஸ்பெயின்ல ஜெயிச்சிட்டு வந்தாரு, ஊர்வலமும் வேணும், ரோமுக்க பெரிய பதவியான கான்சல் எலெக்‌ஷன்லயும் நிக்கணும், ஆனா மனு குடுக்க நேர்ல உள்ள வரணும். வெளிய இருந்தே நிக்க விடுங்கன்னு கேட்டாரு, அவருக்கு ஆகாத கேட்டோன்னு ஒரு செனட்காரரு எந்திச்சு பேசுனாரு பேசுனாரு பொழுது அடையுற வர பேசுனாரு, அன்னைக்க கூட்டமே முடிஞ்சு போச்சு. சீசர் யோசிக்கவே இல்ல, ஊர்வலத்த தூக்கி போட்டுட்டு உள்ள வந்து நின்னு ஜெயிச்சிட்டாரு. ஆளு லேசுப்பட்டவரா? பிறவு கி.மு. 46ல நாலு ஊர்வலம் எடுத்து அந்த ஆசைய தீத்துகிட்டாரு. அதுல கால் (Gaul, இப்போ பிரான்ஸ் உள்ள பக்கம்) நாட்டு வெற்றிக்கு எடுத்தப்போ தேருக்க அச்சு முறிஞ்சு போச்சு, போதாக்குறைக்கு அவருக்க சொந்த பட்டாளத்தான்வளே "வழுக்கத் தலையன் வாறான், பெண்டாட்டிய பத்திரமா வச்சுக்கோ"ன்னு கேலி பாடிட்டு பின்னால வந்தானுவ. அன்னைக்கு அப்படி பாட அனுமதி உண்டு.

குளச்சல் கடலோரம்:
அதே ஊர்வலத்துலதான் கால் நாட்டு தலைவன் வெர்சிங்கெடோரிக்ஸையும் நடத்திட்டு போனாவ. கி.மு. 52ல சரணடைஞ்சவன ஆறு வருஷம் ஜெயில்ல வச்சிருந்து, ஊருக்கு காட்டிட்டு கொன்னுட்டானுவ. இத எப்படி கொண்டாட்டம்னு சொல்லுறதுன்னு எனக்கு தெரியல. எல்லாரையும் கொல்லவும் மாட்டாவ, மாசிடோனியா ராஜா பெர்சியுஸ கி.மு. 167ல நடக்க வச்சிட்டு காவல்ல போட்டாவ. நம்ம ஊர்ல 1741ல டச்சுக்காரன் டி லனாய பிடிச்ச திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா அவரையே படைக்கு பயிற்சி குடுக்க வச்சாரு, கல்லறை உதயகிரி கோட்டைக்குள்ள இப்பவும் இருக்கு, புலியூர்குறிச்சி வழியா போறவங்க எறங்கி பாருங்க.

தக்கலைக்காரன்:
செம அண்ணாச்சி. அப்போ பேரரசர் ஆட்சி வந்த பிறவும் இப்படி வெளிய காத்து கெடந்தாவளா?

வேளிமலை:
காத்து கெடந்தாலும் கிட்டாது. பேரரசர் குடும்பத்துக்கு வெளிய உள்ளவங்கள்ல கடைசியா எடுத்தது பால்பஸ்னு ஒரு தளபதி, கி.மு. 19ல. அதுக்கு பிறவு பேரரசரும் அவருக்க வீட்டாளுவளும் மட்டுந்தான். உண்மையில சண்ட போட்ட தளபதிக்கு ஊர்வல உடுப்பு போட்டுக்கலாம், ஒரு சிலையும் வைப்பாவ, அம்புட்டுதான். படையும் ஜனங்க கைதட்டலும் ஒரே ஆள்கிட்ட சேந்தா என்ன ஆகும்னு சீசர பாத்தவரு முதல் பேரரசர் அகஸ்டஸ், பிறவு விடுவாரா?