ஜெல்லா, கிணற்றுத் தண்ணீரா?

வணக்கம் அக்காமாரே, கொக்குவிலில் இருந்து எழுதுகிறேன். தங்கை வேலைக்குப் போகும்போது தினமும் ஜெல்லும் ஸ்பிரேயும் போடுகிறாள். இப்போது முடி நுனி பிளந்து, சீப்புப் பட்டாலே முறிகிறது. பார்க்க மனம் பொறுக்கவில்லை. ஸ்பிரே போத்தலின் சேர்பொருள் பட்டியலில் எதனோல் என்ற அல்ககோல் முன்வரிசையில் இருக்கிறது. அது முடியை உலர்த்தக்கூடியது. சீட்டைல் அல்ககோல் என்ற கொழுப்பு வகை அல்ககோல் அப்படியல்ல, மிருதுவாக்கும். ஆனால் எங்கள் கிணறும் சுண்ணாம்புக்கல் நிலத்துக் கடினநீர்தான். கல்சியம் படிந்தாலும் இதே சொரசொரப்பு வரும். முடியை நேராக்கும் கருவியின் சூடு வேறு.

எதை முதலில் நிறுத்துவது? எதனோல் இல்லாத ஸ்பிரே யாழ் நகரில் எங்கே கிடைக்கும்? கடைசியாக மழைநீரில் அலசிப் பலன் கண்டவர்கள் இருக்கிறீர்களா? பிளந்த நுனி எண்ணெயால் ஒட்டாது, வெட்டத்தான் வேண்டும் என்கிறேன், அவள் சம்மதிக்கவில்லை. அனுபவப்பட்டவர்கள் அவளுக்கும் ஒரு வார்த்தை எழுதுங்கள்.