கிளிக் சத்தத்தைக் கண்டுகொள்ளவே மாட்டேன் என்கிறது, எங்கே தப்பு?

கேள்வி:
எட்டு மாத நாய். மூன்று வாரமாகக் கிளிக்கர் (அழுத்தினால் 'கிளிக்' என்று சத்தம் போடும் சின்னக் கருவி) வைத்துப் பழக்குகிறேன். கையில் தின்பண்டம் தெரிந்தால் 'உட்கார்' என்றதும் உட்காருகிறது, கை காலி என்றால் என் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு அது பாட்டுக்குப் போய்விடும். கிளிக் செய்தால் காதுகூட அசையாது, கண் முழுக்க இடுப்புப் பையின் மேலேயே. முதல் நாளே கிளிக், தின்பண்டம், கிளிக், தின்பண்டம் என்று இருபது தடவை கொடுத்துப் பழக்கினேனே! இன்னொன்று, கிளிக் கேட்டதும் எழுந்தும்விடுகிறது.

பதில் 1:
எழுந்தால் எழுந்துவிட்டுப் போகட்டும். கிளிக் என்றால் அந்த வேலை முடிந்தது, கூலி வருகிறது என்று அர்த்தம். அதிக நேரம் உட்கார வேண்டுமானால் கிளிக்கை ஒரு நொடி, அப்புறம் இரண்டு நொடி என்று தள்ளிப்போடுங்கள். அது இருக்கட்டும், கிளிக் செய்யும்போது உங்கள் இன்னொரு கை எங்கே இருக்கிறது?

கேட்டவர்:
பைக்குள். தாமதமாகிவிடக் கூடாதே என்று முன்கூட்டியே விட்டுவிடுவேன்.

பதில் 1:
அங்கேதான் கோளாறு. கை பைக்குப் போனதுமே தின்பண்டம் வரப்போகிறது என்று அதற்குத் தெரிந்துவிடுகிறது, பின்னால் வரும் கிளிக் புதிதாக எதையும் சொல்வதில்லை, அதனால் அது வெறும் சத்தம். கை அசையாமல் இருக்கட்டும். பின்பகுதி தரையைத் தொடும் அந்த நொடியில் கிளிக், அதற்குப் பிறகுதான் கை பைக்குப் போக வேண்டும். தின்பண்டம் இரண்டு மூன்று நொடி தாமதமானால் குடி முழுகிவிடாது, கிளிக் தாமதமானால்தான் வம்பு. டால்பின்களுக்கு விசில் ஊதுவதும் இதற்குத்தான், நடுக்குளத்தில் துள்ளும் நொடியில் மீனைக் கொண்டுபோய் வாயில் வைக்க முடியாதே.

பதில் 2:
இதற்கெல்லாம் கருவி எதற்கு? 'சபாஷ்' என்று வாயால் சொன்னால் போதாதா?

பதில் 1:
போதும், அதுவும் வேலை செய்யும். ஆனால் நம் குரல் ஆளுக்கு ஆள், கோபத்துக்குக் கோபம் மாறும், கிளிக் மாறாது. உட்காரக் கற்றுக்கொண்ட பிறகு அந்த வேலைக்குக் கிளிக்கரே தேவையில்லை.

பதில் 3:
தின்பண்டத்தை மூக்குக்கு மேலே காட்டி உட்கார வைத்துப் பழக்கினீர்களா? அப்படியானால் அதன் கணக்கில் 'உட்கார்' என்ற சொல்லே கிடையாது, தின்பண்டம் உள்ள கைதான் கட்டளை. நாலைந்து தடவைக்குப் பிறகு அதே கையசைவை வெறுங்கையால் செய்யுங்கள். உட்கார்ந்ததும் கிளிக், கூலி பையிலிருந்து. பட்டாணி அளவு போதும். ஒரு தடவைப் பயிற்சியை மூன்று நிமிடத்துக்கு மேல் இழுக்காதீர்கள்.

கேட்டவர்:
போனில் படம் எடுத்துப் பார்த்தேன், வெட்கமாக இருக்கிறது, ஒவ்வொரு தடவையும் கைதான் முந்துகிறது. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நான்கு நாள் செய்தேன், இப்போது கிளிக் கேட்டதும் சட்டென்று திரும்பிப் பார்க்கிறது. ஆனால் புதுத் தொல்லை, கிளிக்கரை எடுத்தாலே சொல்லாமல் கொள்ளாமல் உட்கார்ந்துகொண்டு முறைக்கிறது.

பதில் 3:
ஹாஹா, இது நல்ல தொல்லை. சொல்லாமல் உட்கார்ந்தால் கிளிக்கும் இல்லை, கூலியும் இல்லை. நாலடி நகர்ந்து போங்கள், எழுந்து வரும், அது உட்கார முனைவதற்கு முன்னால் 'உட்கார்' சொல்லிவிட்டு அதற்கு மட்டும் கிளிக் செய்யுங்கள்.